ஒரு செல்லுக்குள் இன்னொரு செல்: இந்த இறப்புக்கு என்ன பெயர் வைப்பது?

உட்கரு என்ற பெயரில் ஒருவர் (கேள்வி):

எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுச் செல்களை ஒட்டவிடாமல், பாலி-ஹெமா பூசிய குழிகளில் மிதக்கவிட்டு வளர்க்கிறோம். 6 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் சில செல்களுக்குள் இன்னொரு செல் முழுதாக உட்கார்ந்திருக்கிறது. வெளியே இருப்பதன் உட்கரு பிறைபோல ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. 24 மணி நேரத்தில் பார்த்தால் உள்ளே போனவற்றில் பல உருத்தெரியாமல் கரைந்திருக்கின்றன.

இதுவரை கையில் இருப்பவை: அப்போப்டோசிஸ் (திட்டமிட்ட செல் தற்கொலை) நடக்கும்போது வெட்டுப்படும் காஸ்பேஸ்-3 நொதிக்கான ஆன்டிபாடி உட்செல்லில் ஒளிரவில்லை. காஸ்பேஸ்களைத் தடுக்கும் இசட்-வேட் 20 மைக்ரோமோலார் போட்டும் எண்ணிக்கை மாறவில்லை. ஆட்டோஃபேஜியின் (செல் தன் பாகங்களையே செரிப்பது) அடையாளப் புரதமான எல்சி3க்கான சாயம் சில இடங்களில் உட்செல்லைச் சுற்றி வளையமாகத் தெரிகிறது.

குழுவில் ஒருவர் இது என்டோசிஸ் (உயிருள்ள செல் தானே இன்னொன்றுக்குள் நுழைவது) என்கிறார். இன்னொருவர், செத்த செல்லைப் பக்கத்துச் செல் தின்றிருக்கிறது, அவ்வளவுதான் என்கிறார். எல்சி3 வளையத்தைக் காட்டி ஆட்டோஃபேஜி இறப்பு என்று எழுதலாம் என்றும் ஒரு கருத்து. போதாக்குறைக்கு, ஒரு நாள் 5 சதவீதம், இன்னொரு நாள் 25 சதவீதம் என்று எண்ணிக்கை ஆடுகிறது. எதை நம்பி என்ன பெயர் எழுதுவது?


நுண்ணாடி:

முதலில் அந்தக் காஸ்பேஸ்-3 முடிவை ஓரமாக வையுங்கள். எம்சிஎஃப்-7இல் அந்த ஜீனின் 3ஆம் எக்ஸானில் 47 கார இணைகள் விடுபட்டிருக்கின்றன. செயல்படும் காஸ்பேஸ்-3 அந்தச் செல்லில் கிடையாது. இல்லாத புரதத்தை ஆன்டிபாடி எப்படிக் காட்டும்? அப்போப்டோசிஸ் கண்ணெதிரே நடந்தாலும் அந்தச் சாயம் ஒளிராது. எம்சிஎஃப்-7ஐ வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியது வெட்டுப்பட்ட காஸ்பேஸ்-7, அல்லது அது வெட்டிய பார்ப் புரதத்தின் துண்டு. காஸ்பேஸ்-3தான் வேண்டும் என்றால் அது குறைவில்லாமல் இருக்கும் எம்சிஎஃப்-10ஏ என்ற புற்றல்லாத மார்பகச் செல்லில் அதே சோதனையை ஓட்டுங்கள்.

இசட்-வேட் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அது காஸ்பேஸை மட்டும் தடுப்பதில்லை, செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் இருக்கும் கதெப்சின்-பி போன்ற நொதிகளையும் தொடும். நீங்கள் சந்தேகிக்கும் இறப்பை நடத்துவதே லைசோசோம் என்னும்போது அதையும் கலக்கும் மருந்தை வைத்து முடிவு சொல்வது சரியாகாது. கியூ-விடி-ஓபிஹெச் என்ற காஸ்பேஸ் தடுப்பானை 10 முதல் 20 மைக்ரோமோலார் போடுங்கள், அது ஓரளவு சுத்தமானது.

இனி பெயருக்கு வருவோம். ஒரு செல்லுக்குள் இன்னொன்று இருப்பது ஒரு தோற்றம் மட்டுமே. அந்தத் தோற்றத்துக்கு வந்துசேரக் குறைந்தது அரை டஜன் வழிகள் உண்டு. மூன்று விஷயம் தெரிந்தால்தான் பெயர் வைக்க முடியும்: எந்தச் செல் நகர்ந்தது, உள்ளே போகும்போது அது உயிரோடிருந்ததா, கடைசியில் அதைக் கொன்ற கருவி யாருடையது.

என்டோசிஸில் இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிறது. மைக்கேல் ஓவர்ஹோல்ட்சர், ஜோன் புருக்கே குழு 2007இல் இதை விவரித்தபோது எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது முதல் பதில்தான். வெளிச்செல் வாய்திறந்து விழுங்கவில்லை, உட்செல்லே நெருக்கித் தள்ளிக்கொண்டு நுழைகிறது. இரண்டு செல்லும் ஈ-கேட்ஹெரின் அல்லது பி-கேட்ஹெரின் என்ற ஒட்டும் புரதத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். நுழையும் செல்லில் ரோ என்ற சமிக்ஞைப் புரதம், அதன் கீழே ராக் கைனேஸ், அதற்கும் கீழே ஆக்டின்-மயோசின் இழுவை வேலை செய்ய வேண்டும். ஒட்டும் இடத்துக்கு எதிர்ப்புறத்தில் ஆக்டினும் மயோசினும் குவிந்து, பற்பசைக் குழாயின் அடியை அமுக்குவதுபோலச் செல்லை முன்னே தள்ளும். நுழையும்போது அது உயிருள்ள செல். உள்ளே போன பிறகும் சில மணி நேரம் உயிரோடு இருக்கும், அசையும், சில சமயம் உள்ளேயே பிளவுபடும், சில வெளியேறியும் விடும். மற்றவை வெளிச்செல்லின் லைசோசோம் நொதிகளால் கரைந்து சாகும். செல் இறப்புப் பெயரிடல் குழுவின் 2018 வரையறையும் இதுதான்: ஆக்டோமயோசினால் நடக்கும் நுழைவு, லைசோசோமால் நடக்கும் கொலை.

செத்த செல்லைத் தின்பது எஃபெரோசைட்டோசிஸ். அங்கே சாவு முதலில், உண்பது பிறகு. உங்கள் குழுவின் இரண்டாம் ஆள் சொல்வது இது. 6 மணி நேரப் படத்தில் உட்செல்லின் உட்கரு முழுதாக, குரோமேட்டின் சீராக இருந்தால் அவர் வாதம் பலவீனமாகிறது. ஆனால் அசையாப் படத்தில் வரிசையைக் காட்ட முடியாது. டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு எடுக்கும் தொடர் படம்) இல்லாமல் இந்தச் சண்டை தீராது.


வளர்ப்பறை:

5க்கும் 25க்கும் நடுவில் ஆடுவதைப் பற்றி மட்டும் சொல்றேன். பெரும்பாலும் குற்றவாளி டிரிப்சின்தான்.

கேட்ஹெரினின் வெளிப்பகுதி கால்சியம் இருந்தால் விறைப்பாக நிற்கும், டிரிப்சினுக்குச் சுலபத்தில் மசியாது. ஈடிடிஏ கால்சியத்தை உருவினதும் அதே பகுதி தளர்ந்து டிரிப்சினுக்கு இரையாகிடும். நாம வழக்கமாகப் போடுவது டிரிப்சின்-ஈடிடிஏ கலவை. ஒரு நாள் 3 நிமிடம், இன்னொரு நாள் எம்சிஎஃப்-7 கழல மாட்டேன் என்று அடம்பிடிக்க 10 நிமிடம் என்று விட்டால், ஒட்டுவதற்குத் தேவையான புரதமே இல்லாமல்தான் சோதனை தொடங்குது. புதுசாக உற்பத்தியாகி மேலே வரச் சில மணி நேரம் பிடிக்கும், 6 மணி நேரச் சோதனையில் அது பெரிய இழப்பு. நேரத்தைக் கடிகாரம் வைத்து ஒன்றாக்குங்க. இல்லாவிட்டால் நீர்த்த டிரிப்சின் 0.01 சதவீதத்தை 2 மில்லிமோலார் கால்சியத்தோடு போடுங்க. செல்கள் தட்டிலிருந்து கழன்றாலும் கேட்ஹெரின் தப்பும், ஆனால் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி தாள் தாளாக வரும், மெதுவாகப் பிப்பெட்டால் பிரிச்சு 40 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் விடணும்.

அடுத்தது பூச்சு. பாலி-ஹெமாவை 95 சதவீத எத்தனாலில் மில்லிலிட்டருக்கு 10 முதல் 12 மில்லிகிராம் கரைத்து, 6 குழித் தட்டில் குழிக்கு 1 மில்லிலிட்டர் ஊற்றி, மூடியைத் திறந்து வைத்து முழுசாக உலரவிடணும். கரைய நேரமாகும், 37 டிகிரியில் ஒரு இரவு சுற்ற விடுங்க. அவசரப்பட்டு ஈரத்தோடு எடுத்தால் எத்தனால் மிச்சம் செல்லைக் கொல்லும், செத்ததைப் பக்கத்துச் செல் தின்னும், அதையும் நீங்க என்டோசிஸ் கணக்கில் சேர்த்துடுவீங்க. வேகமாக உலர்த்தினால் பூச்சு வெடிச்சு, அந்தக் கீறலில் செல்கள் ஒட்டிப் பரவிடும். தொடங்கி 2 மணி நேரத்தில் குழியைச் சாய்ச்சுப் பாருங்க, எல்லாம் ஒரு பக்கம் உருண்டு ஓடினால் பூச்சு சரி.

அடர்த்தி மில்லிலிட்டருக்கு 2 லட்சம் முதல் 4 லட்சம். குறைஞ்சால் செல்கள் சந்திக்காது. கூடினால் பெரிய உருண்டைகளாகி எது உள்ளே எது பின்னே என்றே தெரியாது. அறுவடை செய்யும் தட்டு 60 முதல் 80 சதவீதம் நிரம்பினதாக இருக்கட்டும்.

சீரத்தையும் மறக்காதீங்க. ரோவைத் தட்டி எழுப்புவதில் சீரத்தில் இருக்கும் லைசோபாஸ்ஃபடிடிக் அமிலத்துக்குப் பெரிய பங்கு. சீரம் இல்லாத ஊடகத்தில் நுழைவு விழுந்துடும். சீரம் தொகுதி மாறினாலும் எண்ணிக்கை மாறும், அதனால் ஒரு தொடர் முழுக்க ஒரே தொகுதி.

கடைசியாக எண்ணும் முறை. இங்கேதான் ஆய்வகத்துக்கு ஆய்வகம் ஒத்துப்போகாது. 100 செல்லில் 10 ஜோடி ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கு என்று வைப்போம். உட்செல்லை மட்டும் எண்ணினால் 10 சதவீதம். ஜோடியை ஒரே அலகாக எடுத்தால் 90க்கு 10, அதாவது 11. பங்கெடுத்த எல்லாச் செல்லையும் எண்ணினால் 20. ஒரே கண்ணாடிச் சில்லில் மூணு விடை! எது உங்க கணக்கு என்பதை முறை விளக்கத்தில் எழுதிடுங்க. பாதி நுழைஞ்சதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதையும் முன்னாடியே முடிவு பண்ணிடணும். எண்ணுபவருக்கு எது மருந்து போட்டது என்று தெரியக் கூடாது. ஒவ்வொரு முறையும் 300 செல்லாவது எண்ணுங்க.


லைசோ:

எல்சி3 வளையத்தைப் பார்த்து ஆட்டோஃபேஜி இறப்பு என்று எழுதினால் மதிப்பாய்வாளர் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார், அதுவும் நியாயமாகத்தான்.

ஆட்டோஃபேஜியில் உருவாகும் பையான ஆட்டோஃபகோசோமுக்கு இரட்டைச் சவ்வு. உட்செல்லைச் சுற்றியுள்ள அறை வெளிச்செல்லின் ஒற்றைச் சவ்வு. எல்சி3 அந்த ஒற்றைச் சவ்வின்மேல் நேரடியாக ஒட்டுகிறது. இதற்கு ஏடிஜி5, ஏடிஜி7, விபிஎஸ்34 ஆகிய புரதங்கள் தேவை. ஆட்டோஃபேஜியைத் தொடக்கிவைக்கும் யுஎல்கே1, எஃப்ஐபி200, ஏடிஜி13 தேவையில்லை. 2011இல் வந்த இந்தக் கண்டுபிடிப்புதான் என்டோசிஸை வழக்கமான ஆட்டோஃபேஜியிலிருந்து பிரித்தது. மேக்ரோஃபேஜ் கிருமியை விழுங்கும்போது எல்சி3 ஒட்டுவதும் இதே குடும்பம்.

அந்த எல்சி3 வெளிச்செல்லுடையது என்பதையும் கவனியுங்கள். உட்செல் தன்னைத் தானே தின்று சாகவில்லை. வெளிச்செல் தன் கருவிகளை அந்த அறையின்மேல் ஏற்றி, லைசோசோமை இணைத்து, உள்ளே இருப்பதைச் செரிக்கிறது. இதைக் காட்ட ஜிஎஃப்பி-எல்சி3 (பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தோடு இணைத்த எல்சி3) உள்ள செல்களையும் இல்லாத செல்களையும் பாதிக்குப் பாதி கலந்து போடுங்கள். வெளியே ஜிஎஃப்பி உள்ள செல், உள்ளே இல்லாத செல் என்று அமைந்த ஜோடியில் வளையம் தெரிந்தால் அது யாருடையது என்ற கேள்வி அங்கேயே முடிந்தது.

சில இடத்தில் மட்டும் வளையம் தெரிவதற்கும் காரணம் இருக்கிறது. எல்சி3 வருவது உட்செல் சாவதற்குச் சற்று முன்பு, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விடும். நிலைப்படுத்திய மாதிரியில் அந்த நேரத்தில் அகப்பட்டவை மட்டும்தான் தெரியும். அரை மணிக்கு ஒரு படம் எடுத்தால் பலவற்றைத் தவறவிடுவீர்கள். 4 அல்லது 5 நிமிடத்துக்கு ஒரு படம் வேண்டும்.

மருந்தால் சோதிக்க நினைத்தால் குளோரோகுவினைத் தொடாதீர்கள். அதிக அளவில் அதுவே ஒற்றைச் சவ்வுகளின்மேல் எல்சி3யை ஏற்றிவிடும், எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் போகும். பாஃபிலோமைசின்-ஏ1 சுவாரசியமானது. வழக்கமான ஆட்டோஃபேஜியில் அது சவ்வில் ஒட்டிய வடிவமான எல்சி3-2ஐச் சேர்த்துவைக்கும். ஒற்றைச் சவ்வு வகையிலோ அறையை அமிலமாக்கும் பம்பான வி-ஏடிபேஸ்தான், எல்சி3யை ஒட்டவைக்கும் ஏடிஜி16எல்1ஐ அழைத்து வர வேண்டும், பாஃபிலோமைசின் அந்த அழைப்பையே துண்டித்துவிடும். ஒரே மருந்து, இரண்டு வழியில் எதிரெதிர் விளைவு. வெஸ்டர்ன் பட்டையை மட்டும் பார்த்து எல்சி3 கூடியது, குறைந்தது என்று பேசுவதில் இருக்கும் ஆபத்து இதுதான். மரபணு வழியில் போக முடிந்தால் எஃப்ஐபி200 நாக்அவுட்டில் வளையம் நீடிக்க வேண்டும், ஏடிஜி16எல்1இன் டபிள்யூடி40 பகுதியை நீக்கிய செல்லில் வளையம் மறைய வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கேள்வி கேட்க இடமில்லை.


உட்கரு:

மூவருக்கும் நன்றி. காஸ்பேஸ்-3 விஷயத்தில் வெட்கமாகத்தான் இருக்கிறது. ராக் தடுப்பானான ஒய்-27632ஐ 10 மைக்ரோமோலார் போட்டபோது எண்ணிக்கை ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கியது. இது போதுமா? இன்னொன்று, கரையும் உட்செல்களில் பெரும்பாலானவற்றின் உட்கரு மங்கி மறைகிறது. ஆனால் சிலவற்றில் துண்டு துண்டாக, பளிச்சென்று சுருங்கியிருக்கிறது. இரண்டையும் ஒரே கணக்கில் போடலாமா?


இழுவிசை:

ஒய்-27632 ஆதாரம்தான், ஆனால் தனியாக நிற்காது. ராக்கைத் தடுத்தால் அப்போப்டோசிஸில் செல் கொப்புளம் விட்டுத் துண்டாவதும் தடைபடும். பிரிக்கப்பட்ட செல்களின் பிழைப்பு, ஒட்டுதல், வடிவம் எல்லாம் மாறும். அதனால் குறைந்தது இரண்டு வெவ்வேறு இடத்தில் கை வையுங்கள். ஒட்டுதலுக்கு, ஈ-கேட்ஹெரினைத் தடுக்கும் ஆன்டிபாடி அல்லது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈஜிடிஏ 1 முதல் 2 மில்லிமோலார். இழுவைக்கு, ராக் தடுப்பானோடு ரோவை முடக்கும் சி3 நொதி. மயோசினைத் தடுக்கும் பிளெபிஸ்டாட்டின் போடுவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: நீல ஒளி பட்டால் அது சிதையும், செல்லுக்கும் நஞ்சாகும். ஜிஎஃப்பி படம் எடுத்துக்கொண்டே பிளெபிஸ்டாட்டின் சோதனை செய்தால் கிடைப்பது ஒளி நச்சின் படம்.

தலைகீழ்ச் சோதனை இன்னும் வலுவானது. எம்டிஏ-எம்பி-231 என்ற மார்பகப் புற்றுச் செல்லில் ஈ-கேட்ஹெரின் இல்லை, என்டோசிஸும் அநேகமாக நடக்காது. அதில் ஈ-கேட்ஹெரினை வெளிப்படுத்தினால் நுழைவு தொடங்கும்.

ஆனால் எல்லாவற்றையும்விட நல்லது கலவைச் சோதனை. ஒரு தொகுதிக்குப் பச்சை, இன்னொன்றுக்குச் சிவப்பு. சமமாகக் கலந்தால், பாரபட்சம் இல்லாதபோது ஜோடிகளில் பாதி ஒரே நிறம், கால்பங்கு பச்சைக்குள் சிவப்பு, கால்பங்கு சிவப்புக்குள் பச்சை. இப்போது சிவப்பில் மட்டும் ராக்கை மிகையாக வெளிப்படுத்துங்கள். சிவப்பு உள்ளே போவது கூடும். இழுவை கூடிய, விறைப்பான செல் தோற்று உள்ளே போகிறது, மிருதுவாக வளையும் செல் வெளியே நின்று வெல்கிறது. கேராஸ் பிறழ்வு உள்ள செல்கள் பெரும்பாலும் வெளியே நிற்பதும் இதனால்தான், அவை இழுவையைக் குறைத்துக்கொள்கின்றன. மருந்தை ஊடகத்தில் கலந்தால் இரண்டு செல்லும் பாதிக்கப்படும், யார் நகர்ந்தார் என்று தெரியாது. கலவையில் மட்டும்தான் அது தெரியும். இயந்திரத்தையே நீங்கள் காட்டியதாகும்.

நுண்ணாடி சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். மேலே உள்ள வர்ணனை மிதவைச் செல்களுக்குப் பொருந்தும். ஒட்டி வளரும் செல்களிலும் என்டோசிஸ் உண்டு, அதன் தூண்டுதல் வேறு. 2017இல் இரண்டு வழிகள் வெளிவந்தன. ஒன்று, பிளவுபடும்போது செல் உருண்டு அடிப்பிடியைத் தளர்த்துவதால் பக்கத்துச் செல்லுக்குள் போவது; சிடிசி42 குறைந்த எபிதீலியச் செல்களில் இது கூடும். இன்னொன்று, குளுக்கோஸ் நீண்ட நேரம் இல்லாமல் போனால் ஆற்றல் குறைவை உணரும் ஏஎம்பிகே நொதி கூடுதலாக இயங்கும் செல்கள் உள்ளே போவது. வெளிச்செல் அதைச் செரித்துப் பிழைக்கிறது. ஆகவே உங்கள் ஒட்டிய செல் கண்ட்ரோல் தட்டில் ஊடகம் மஞ்சளாகும்வரை விட்டிருந்தால் அதிலும் உட்செல் தெரியும். அது கண்ட்ரோல் கெட்டதல்ல, பட்டினி.

துண்டான உட்கரு விஷயம்: ஒரே கணக்கில் போடாதீர்கள். லைசோசோம் வழி தடைபட்டால் உள்ளே மாட்டிய செல் அப்போப்டோசிஸுக்கு மாறும். ஏடிஜி5ஐக் குறைத்த வெளிச்செல்களில் இது தெளிவாகத் தெரியும். தடை ஏதுமில்லாமலும் ஒரு சிறு பங்கு அப்படிச் சாகும். உள்ளே போனது என்டோசிஸால், செத்தது அப்போப்டோசிஸால். நுழைவையும் இறப்பையும் தனித்தனி நெடுவரிசையில் எழுதுங்கள். இறப்பில் நான்கு பிரிவு: லைசோசோமால் கரைந்தது, துண்டானது, உயிரோடிருப்பது, வெளியேறியது.


நுண்ணாடி:

திருத்தம் சரிதான், ஏற்கிறேன்.

கரைந்ததா துண்டானதா என்பதைக் கண்ணால் மட்டும் பிரிக்க வேண்டாம். உட்செல்லில் ஜிஎஃப்பியும் சிவப்பாக ஒளிரும் எம்செர்ரியும் சேர்ந்து இருந்தால் வேலை எளிது. அறை அமிலமானதும் ஜிஎஃப்பி அணையும், எம்செர்ரி அமிலத்தைத் தாங்கி ஒளிரும். பச்சை போய்ச் சிவப்பு நின்றால் லைசோசோம் இணைந்துவிட்டது. கூடவே அறைச் சவ்வில் லைசோசோம் புரதமான லேம்ப்1இன் வளையம் இருக்க வேண்டும். பச்சையும் சிவப்பும் நிற்க, உட்கரு மட்டும் சுருங்கித் துண்டானால் அப்போப்டோசிஸ்.

நிலைப்படுத்திய மாதிரியில் உண்மையிலேயே உள்ளே இருக்கிறதா, மேலே படிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு மலிவான வழி: உயிருள்ள செல்களைப் பனிக்கட்டியில் வைத்து, ஈ-கேட்ஹெரினின் வெளிப்பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடியைச் சவ்வைத் துளைக்காமல் ஏற்றுங்கள். பிறகு நிலைப்படுத்தித் துளைத்து, கேட்ஹெரினோடு செல்லுக்குள் இணைந்திருக்கும் பீட்டா-கேட்டெனினை வேறு நிறத்தில் ஏற்றுங்கள். முழுதாக உள்ளே மூடப்பட்ட செல்லுக்கு இரண்டாம் நிறம் மட்டும் கிடைக்கும். இரண்டு நிறமும் உள்ளது வெளியே ஒட்டியிருப்பது. கான்ஃபோக்கலில் 0.5 மைக்ரோமீட்டர் இடைவெளியில் எடுங்கள். 15 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமனுக்கு 30, 40 வெட்டுகள் ஆகும், சலிப்புதான். சைட்டோஸ்பின்னில் (செல்களைச் சுழற்றிக் கண்ணாடிச் சில்லில் படியவைக்கும் கருவி) வேகத்தைக் கூட்டினால் செல்கள் தட்டையாகி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எல்லாமே உட்செல் போலத் தெரியும். நிமிடத்துக்கு 500 சுற்றில் 3 நிமிடம் போதும்.


தட்டு96:

பெயர்க் குழப்பத்துக்குக் கொஞ்சம். இவை எல்லாம் மைக்ரோஸ்கோப்பில் ஒரே மாதிரி தெரிபவை, உள்ளே நடப்பது வேறு.

ஃபேகோப்டோசிஸ்: உண்ணும் செல்தான் கொலைகாரர். இலக்குச் செல் உயிரோடு, பிழைக்கக்கூடிய நிலையில் இருக்கும். மேற்பரப்பில் பாஸ்ஃபடிடைல்செரின் தற்காலிகமாக வெளிப்பட்டதால் மைக்ரோக்லியாவோ மேக்ரோஃபேஜோ அதை விழுங்கும். உண்பதைத் தடுத்தால் இலக்கு பிழைக்கும், இந்த ஒற்றைச் சோதனைதான் எஃபெரோசைட்டோசிஸிலிருந்து இதைப் பிரிக்கிறது. உடம்பில் ஒவ்வொரு நாளும் நடப்பதும் இதுதான்: ஏறக்குறைய 120 நாள் ஓடிய சிவப்பணுவை மேக்ரோஃபேஜ் எடுத்துவிடும். இங்கே பாஸ்ஃபடிடைல்செரினில் ஒட்டும் அனெக்ஸின்-வி நேர்மறையாக வருவதை வைத்துச் செத்துவிட்டது என்று எழுதுவது பலர் செய்யும் தவறு. அந்த வெளிப்பாடு திரும்பக்கூடியது.

எம்பெரிபொலிசிஸ்: 1956இல் வைத்த பெயர். வெள்ளணு இன்னொரு செல்லுக்குள் போய்ச் சுற்றிவிட்டுச் சேதமில்லாமல் வெளியே வரும். எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட்டுக்குள் நியூட்ரோஃபில், ரோசாய்-டார்ஃப்மன் நோயில் ஹிஸ்டியோசைட்டுக்குள் லிம்ஃபோசைட். இது இறப்பே அல்ல. ஆனால் கல்லீரலில் தன்னையே தாக்கும் சிடி8 டி செல்கள் ஹெப்பட்டோசைட்டுக்குள் போய் லைசோசோமில் அழிவதும் உண்டு, அதைத் தற்கொலை எம்பெரிபொலிசிஸ் என்கிறார்கள். டி செல் நுழைவது என்டோசிஸை ஒத்திருந்தாலும் ஒட்டும் புரதம் ஈ-கேட்ஹெரின் ஜோடி அல்ல, வேறு வகைச் செல்கள் என்பதால் தனியாக வைக்கிறார்கள்.

செல் கேனிபலிசம்: நோய்க்கூறியல் அறிக்கையில் இந்தச் சொல்லைப் பார்த்தால் அது தோற்றத்துக்கு வைத்த பெயர், வழிமுறைக்கு அல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள். மார்புறை நீர், சிறுநீர் மாதிரிகளில் பறவைக் கண் செல் என்று எழுதுவதும் அப்படித்தான். ஒரு கண்ணாடிச் சில்லை வைத்து அதை என்டோசிஸ் என்று மாற்றி எழுதக் கூடாது.

மற்ற இறப்பு வழிகளை விலக்க ஒரு தடுப்பான் தொகுப்பு ஓட்டுங்கள். ஃபெரோப்டோசிஸுக்கு (இரும்பால் சவ்வுக் கொழுப்பு ஆக்சிஜனேறிச் சாவது) ஃபெரோஸ்டாட்டின்-1, 1 அல்லது 2 மைக்ரோமோலார். நெக்ரோப்டோசிஸுக்கு (காஸ்பேஸ் இல்லாமல் திட்டமிட்டு வெடித்துச் சாவது) நெக்ரோஸ்டாட்டின்-1எஸ், பழைய நெக்ரோஸ்டாட்டின்-1 ஐடிஓ நொதியையும் தடுக்கும், அதனால் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் அந்த மருந்து வேலை செய்வதைக் காட்டும் நேர்மறைக் கண்ட்ரோல் கட்டாயம்: ஃபெரோப்டோசிஸுக்கு ஆர்எஸ்எல்3 கொடுத்த செல், நெக்ரோப்டோசிஸுக்கு டிஎன்எஃப், ஸ்மாக் போலி, இசட்-வேட் மூன்றும் கொடுத்த ஹெச்டி-29. ஹேலாவை அதற்கு எடுக்காதீர்கள், அதில் ரிப்கே3 இல்லாததால் நெக்ரோப்டோசிஸ் நடக்காது. உங்கள் காஸ்பேஸ்-3 கதையின் அண்ணன் அது.

மருந்து இறப்பைத் தடுத்ததா, நுழைவைத் தடுத்ததா என்பதையும் பிரிக்க வேண்டும். தொடக்கத்திலேயே போட்டால் இரண்டும் கலக்கும். 6 மணி நேரம் மருந்தில்லாமல் நுழையவிட்டு, பிறகு மருந்தைச் சேர்த்து, ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றின் கதியை மட்டும் பின்தொடருங்கள்.


உட்கரு:

இது எனக்குத் தோன்றவே இல்லை, எல்லா மருந்தையும் தொடக்கத்தில்தான் போட்டோம். டைம்லாப்ஸுக்கு அடுத்த வாரம் நேரம் கிடைத்திருக்கிறது, 20 மணி நேரம். மிதக்கும் செல்லை எப்படி ஓரிடத்தில் பிடித்துவைப்பது?


இழுவிசை:

கண்ணாடி அடி உள்ள தட்டில் மெல்லிய பாலி-ஹெமா பூசுங்கள், அல்லது மிகக் குறைவாக ஒட்டும் குழித்தட்டு. மேலே 0.5 சதவீதக் குறை-உருகு அகரோஸை ஊடகத்தில் கலந்து 37 டிகிரியில் மெதுவாக ஊற்றிக் குளிரவிட்டால் செல்கள் அலையாது. அகரோஸைச் சூடாக ஊற்றிவிடாதீர்கள். அதில் செல்கள் நகர்ந்து சந்திப்பதும் குறையும், ஆகவே முதலில் 1 மணி நேரம் மிதவையில் ஜோடி சேரவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.

நுழைவையும் இறப்பையும் பார்க்க 10 நிமிடத்துக்கு ஒரு படம் போதும் (எல்சி3 வளையத்துக்கு லைசோ சொன்ன 4, 5 நிமிடம்தான்), இசட் அச்சில் 2 அல்லது 3 மைக்ரோமீட்டர் இடைவெளியில் 8 அடுக்கு. ஒளியைக் குறைத்து வையுங்கள். படம் எடுக்காத ஓரக் குழி ஒன்றில் 20 மணி நேரம் கழித்து இறப்பை எண்ணி, படம் எடுத்த குழியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் உங்கள் லேசர்தான் கொலைகாரர். ஹிஸ்டோன் 2பி-எம்செர்ரி இருந்தால் உட்கரு மறையும் நேரத்தைத் துல்லியமாகக் குறிக்கலாம். வெளிச்செல் பிளவுபடும் காட்சி கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். உட்செல் பிளவுப் பள்ளத்தில் குறுக்கே கிடந்து, செல் பிரிய முடியாமல் இரண்டு உட்கருவோடு நின்றுவிடும். புற்றுச் செல்களில் குரோமோசோம் எண்ணிக்கை குலைய இதுவும் ஒரு வழி என்று 2011இல் காட்டியிருக்கிறார்கள்.

நிறக் கலவை ஓட்டும்போது, பச்சையையும் சிவப்பையும் தனித்தனியாக 6 மணி நேரம் வளர்த்து, நிலைப்படுத்துவதற்கு 5 நிமிடம் முன்பு மட்டும் கலந்த ஒரு குழியும் வையுங்கள். அதிலும் இருநிற ஜோடி தெரிந்தால், சாயம் கசிகிறது அல்லது நீங்கள் எண்ணுவது மேலே படிந்த செல்களை. நிறத்தை மாற்றிப்போட்டும் ஒரு முறை ஓட்டுங்கள். சில சாயங்களே செல்லை விறைக்கச் செய்து தோற்பவரை முடிவு செய்துவிடும்.